தண்ணீரைப் பங்கு போட்ட ஊர்

ஏப்ரல் கடைசியில் இத்தாலியின் டிரினோவுக்குப் போனால் ஊரைச் சுற்றி நிலமே தெரியாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர்தான். நடுநடுவே வரப்புகள், ஒற்றையாக நிற்கும் செங்கல் பண்ணை வீடுகள், வடமேற்கில் பனி படர்ந்த ஆல்ப்ஸ். தெற்கே ஊரை ஒட்டி ‘போ’ என்ற நதி ஓடுகிறது. அதன் அக்கரையில் மோன்ஃபெராட்டோ குன்றுகள் தொடங்கிவிடுகின்றன. உள்ளூர்க்காரர்கள் இந்த நெல் வயல்வெளியைக் கட்டம் போட்ட கடல் என்கிறார்கள்.

வடக்கு இத்தாலியின் பெரிய சமவெளியில், டூரினுக்குக் கிழக்கே, வெர்செல்லி மாகாணத்தில் சுமார் 7,000 பேர் வாழும் சிறு ஊர் இது. டூரினிலிருந்து மிலானுக்குப் போகிற வேகச் சாலையில் போகிறவர்கள் யாரும் இங்கே இறங்க மாட்டார்கள். இத்தாலிக்குச் சுற்றுலா வருகிறவர்களின் பட்டியலிலும் இந்த ஊர் இருக்காது. நான் டூரினில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்கிற நண்பரின் பெரியப்பாவுக்கு டிரினோ பக்கம் நெல் வயல் இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து, விதைப்புக்கும் அறுப்புக்கும் அங்கே போய் நிற்பது பழக்கமாகிவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விளைகிற நெல்லில் ஏறக்குறைய பாதி இத்தாலியில் விளைகிறது. அதில் பெரும்பங்கு வெர்செல்லி, நோவாரா, பவியா என்ற மூன்று மாகாணங்களில். இங்கே விளைகிற அரிசியில் செய்யும் ரிசோட்டோ என்ற சோற்றுப் பண்டத்தைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். அந்த அரிசிக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்க் கணக்கைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை. இந்த ஊர் எழுநூறு எண்ணூறு வருடமாகக் காட்டையும் தண்ணீரையும் பங்கு போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. பங்கு சரியாக விழுந்த இடத்தில் ஊர் நன்றாக இருந்திருக்கிறது. விழாத இடத்தில் சண்டை நடந்திருக்கிறது.

முதலில் விதைப்பு. இங்கே நாற்றங்கால் கிடையாது, நடவும் கிடையாது. லேசர் கருவி வைத்து நிலத்தைத் துல்லியமாகச் சமப்படுத்தி, தண்ணீர் கட்டி, ஊறவைத்த விதைநெல்லை டிராக்டரிலிருந்து தண்ணீருக்குள் வீசி விதைக்கிறார்கள். ஊறிய விதை மிதக்காது, நேராக அடியில் போய் உட்கார்ந்துவிடும். சேற்றில் புதையாமல் இருக்க டிராக்டருக்கு இரும்புச் சக்கரம் மாட்டியிருப்பார்கள். அது உருளும்போது எழும் சத்தம் அரைக் கிலோமீட்டர் தள்ளியும் கேட்கும்.

ஏன் தண்ணீரில் விதைக்க வேண்டும்? காரணம் குளிர். நெல் விளைகிற நாடுகளில் இது வடக்கே ஒதுங்கிய மூலை. ஏப்ரல் இரவுகள் இங்கே நடுங்க வைக்கும். பகலில் வெயில் வாங்கிச் சூடேறிய தண்ணீர் ராத்திரி அந்தச் சூட்டை மெதுவாக விடுகிறது. முளைக்கு அதுதான் பாதுகாப்பு. முளை வந்ததும் சில நாள் தண்ணீரை வடித்து வேர் பிடிக்க விடுகிறார்கள். அப்புறம் மறுபடி கட்டுகிறார்கள். ஆக, இங்கே தண்ணீர் பயிர் குடிப்பதற்கு மட்டும் இல்லை, குளிர் தாங்குவதற்கும்தான். இது மனதில் இருந்தால்தான் இந்த ஊரின் மற்றக் கதைகள் பிடிபடும்.

தண்ணீரைக் கட்டி வடிப்பதற்கென்றே ஓர் ஆள் உண்டு. நம் பக்கத்து நீர்க்கட்டியின் வேலைதான். பெரியப்பாவின் வயலுக்கு வருகிறவருக்கு ஐம்பது வயது இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோளில் நீளக் காம்பு போட்ட மண்வெட்டி. காலையில் ஆறு மணிக்கே வரப்பு மேல் நடக்க ஆரம்பித்துவிடுவார். மதகுப் பலகையை விரல் அகலம் தூக்குவார். தண்ணீர் போகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்பார். மறுபடி அரை விரல் இறக்குவார். எலியும் நண்டும் குடைந்த ஓட்டை தெரிந்தால் ஒரு வெட்டு மண்ணை அதில் வைத்து மிதித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுவார். நான் ஏதோ கேட்கப் போக, அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேல் வயலில் சிறு தப்பு நடந்தால் கீழே நான்கு வயலுக்குக் கணக்கு மாறிவிடும் என்று அப்புறம் சொன்னார்.

அந்த நான்கு வயலும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மேல் வயலில் வடிகிற தண்ணீர் வாய்க்காலில் இறங்கி இன்னொருவர் வயலுக்குப் போகும், அங்கிருந்து வேறொருவருக்கு. ஒரே தண்ணீர் பல தடவை நெல்லுக்குள் நுழைந்து வெளியே வருகிறது. ஆகவே வடிநீரும் ஒருவருடைய உரிமைதான். விநாடிக்கு 100 லிட்டர் ஓட்டத்தை இத்தாலியச் சட்டத்தில் ஒரு மொடுலோ என்று கணக்கு வைக்கிறார்கள். ஒருவர் தன் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக இன்னொருவர் நிலத்தின் குறுக்கே வாய்க்கால் வெட்ட வேண்டியிருந்தால், நிலத்துக்காரர் நஷ்ட ஈடு வாங்கிக்கொள்ளலாம். முடியாது என்று மறுக்க முடியாது. சிவில் சட்டத்திலேயே இது இருக்கிறது. வடக்கு இத்தாலியில் இந்த வழக்கம் பல நூற்றாண்டுப் பழையது. பங்காளி நிலத்து வழியாக வாய்க்கால் விடாததால் தரிசாகப் போன வயலைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்த ஒரு விதி எத்தனை குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த நிலம் ஆதியில் வயல் இல்லை. காடும் சதுப்பும்தான். 1123ல் பிரான்சிலிருந்து வந்த சிஸ்டெர்சிய சபைக் கிறிஸ்தவத் துறவிகள் டிரினோவுக்குப் பக்கத்தில் லூச்சேதியோ என்ற இடத்தில் மடம் கட்டினார்கள். மோன்ஃபெராட்டோ ஆட்சியாளர் கொடுத்த நிலம். காட்டை வெட்டி, சதுப்பை வடித்து, வாய்க்கால் தோண்டிச் சுற்றிலும் பண்ணைகளை அமைத்தார்கள். நெல் பின்னால்தான் வந்தது. 1475ல் மிலான் பிரபு கலெயாட்சோ மரியா ஸ்ஃபோர்ட்சா, ஃபெராரா பிரபுவுக்குப் பன்னிரண்டு மூட்டை நெல் அனுப்பச் சம்மதித்து எழுதிய கடிதம் இருக்கிறது. அந்த நூற்றாண்டிலேயே லூச்சேதியோ நிலத்திலும் நெல் ஏறிவிட்டது. மடத்தை மூடி இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. எண்கோண மணிக்கோபுரம் அப்படியே நிற்கிறது. நிலத்தில் இன்றும் நெல்தான்.

விதைநெல் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதில் இந்தப் பகுதி ஒரு காலத்தில் கடுமையாக இருந்தது. 1787 ஏப்ரலில் அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன் டூரின் வழியாக வெர்செல்லிக்கு வந்தார். அப்போது அவர் பிரான்சில் அமெரிக்கத் தூதர். தங்கள் நாட்டுக் கரோலினா அரிசியைவிட இத்தாலி அரிசிக்கு ஐரோப்பாவில் ஏன் நல்ல பெயர் என்று கண்டுபிடிக்கத்தான் வந்தார். குத்துகிற இயந்திரத்தில்தான் வித்தியாசம் என்று நினைத்து வந்தவர், நெல் ரகமே வேறு என்று புரிந்துகொண்டார். உமியோடு நெல்லை வெளியே கொண்டுபோனால் மரண தண்டனை. இருந்தாலும் கோட்டுப் பைகளில் கொள்கிற அளவுக்கு நெல்லை நிரப்பிக்கொண்டு போனார். பின்னாளில் அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதியான மனிதர்.

டிரினோவில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் வயல் இல்லை, காடு. ஊருக்கு வடமேற்கே, நெல் வயல்களுக்கு நடுவில், சுமார் 600 ஹெக்டேருக்கு ஒரு காடு நிற்கிறது. ஓக்கும் ஹார்ன்பீமும் நிறைந்த பழைய சமவெளிக் காடு. ஒரு காலத்தில் இந்தச் சமவெளி முழுவதும் இப்படித்தான் இருந்திருக்கும். மற்றதெல்லாம் வயலும் சாலையும் தொழிற்சாலையுமாக மாறின பிறகும் இது மட்டும் எப்படித் தப்பித்தது?

1275ல் மோன்ஃபெராட்டோவின் ஏழாம் குலியெல்மோ இந்தக் காட்டை டிரினோ மக்களுக்குக் கொடுத்தார். தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கவில்லை, சேர்த்துக் கொடுத்தார். அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் சேர்ந்த அமைப்புக்குப் பார்டெசிபான்சா என்று பெயர். இன்றும் காடு அவர்களுடையதுதான். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு பகுதியில் மட்டும் விறகு வெட்டுகிறார்கள். அந்தப் பகுதியைக் கூறு போட்டு, யாருக்கு எந்தக் கூறு என்று சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். நல்ல மரம் இருக்கிற கூறு வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. எல்லா மரத்தையும் வெட்டவும் முடியாது. விதை விழுவதற்கும் நிழலுக்கும் பெரிய மரங்களை விட்டுவைக்க வேண்டும். வெட்டின அடிமரம் துளிர்த்து வளரும்வரை அந்தப் பக்கம் கோடரி போகாது.

சீட்டில் விழுந்தது எவ்வளவு சுமாரான கூறாக இருந்தாலும் அடுத்த முறை மாறும் என்பதால் யாரும் பெரிதாக மனம் வெதும்புவதில்லை. விற்றுத் தின்ன முடியாத சொத்து என்பதால் கடனில் போகவில்லை. பக்கத்து நிலங்கள் எல்லாம் பிரபு, மடம், வங்கி என்று கைமாறிக்கொண்டே இருந்தபோது காடு மட்டும் அப்படியே நின்றது. 1991ல் வெர்செல்லி மாகாணம் அடங்கிய பியட்மாண்ட் பிராந்தியத்தின் அரசு இதை இயற்கைப் பூங்காவாக அறிவித்தது. அரசு வந்து காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். எழுநூறு வருடம் காத்தவர்கள் விறகு தேவைப்பட்ட சாதாரண ஜனங்கள்.

காட்டுக்குள் நிற்கும்போது அதன் எல்லை சட்டென்று முடிந்து தண்ணீர் தொடங்குவது தெரியும். கொக்குகளும் நாரைகளும் ராத்திரி மரத்தில், பகலில் வயலில். நெடுங்கால் உள்ளான் வரப்போரம் கூடு கட்டுகிறது. கொஞ்சம் மேற்கே சான் ஜெனுவாரியோ சதுப்பு என்ற காப்பகம் இருக்கிறது. அங்கே நாணல் புதரில் பெருங்குருகின் குரல் கேட்கும், பறவை கண்ணில் படாது.

சரி, தண்ணீருக்கு வருவோம். காட்டுக்கு நடந்தது தண்ணீருக்கு அத்தனை சுலபமாக நடக்கவில்லை. மடங்கள் போன பிறகு நிலம் பெரிய முதலாளிகளிடம் வந்தது. அதில் ஒரு குடும்பம் காவூர் குடும்பம். இத்தாலியை ஒரே நாடாக்கியவர்களில் முக்கியமானவரும் அதன் முதல் பிரதமருமான கமில்லோ காவூர், இளைஞனாக இருந்தபோது 1835லிருந்து டிரினோவுக்குப் பக்கத்து லேரி பண்ணையை நிர்வகித்தார். உரம், இயந்திரம், வாய்க்கால் என்று நாள் முழுக்க அதே யோசனை. பின்னாளில் அமைச்சராக வந்ததும் அந்த அனுபவம் வேலை செய்தது. அரசுக் கால்வாய்களின் தண்ணீர் அதுவரை இடைத்தரகர்களுக்குக் குத்தகையாகப் போய்க்கொண்டிருந்தது. 1853ல் விவசாயிகளே சங்கமாகச் சேர்ந்து தண்ணீரை எடுத்துத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தார். வெர்செல்லியில் இருக்கிற ஓவெஸ்ட் செசியா பாசனச் சங்கம் அப்படிப் பிறந்தது. டோரா பால்தேயா ஆற்றுக்கும் செசியா ஆற்றுக்கும் நடுவில் இருக்கிற வயல்களுக்கு இன்றுவரை தண்ணீர் பங்கிடுவது இதே சங்கம்தான்.

இந்தச் சமவெளியின் பெரிய கால்வாய் காவூர் பெயரில் இருக்கிறது. ஆனால் யோசனை அவருடையது இல்லை. பிரான்செஸ்கோ ரோஸி என்ற வெர்செல்லி நில அளவையாளர் 1840களில் சொந்தச் செலவில் சமவெளி முழுக்க நடந்து மட்டம் பார்த்து, போ நதியிலிருந்து கிழக்கே டிசினோ ஆறு வரை தண்ணீரைக் கொண்டுபோக முடியும் என்று காட்டினார். பொறியாளர் கார்லோ நோயே அதைத் திட்டமாக்கினார். 1863ல் தோண்டத் தொடங்கி 1866ல் தண்ணீர் விட்டார்கள். 80 கிலோமீட்டருக்கு மேல் நீளம், இடையில் ஆறுகளின் மேலேயும் கீழேயும் கடக்கிற செங்கல் கட்டுமானங்கள், சுமார் 14,000 தொழிலாளர்கள். பெரும்பாலும் கைவேலை. மூன்று வருடத்தில் முடித்தார்கள். ரோஸியின் பெயரை இந்தப் பக்கத்து ஆட்களே பாதிப் பேர் கேள்விப்பட்டதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

தண்ணீருக்குச் சங்கம் கிடைத்தது. களையெடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

நெல்லில் குதிரைவாலிப் புல் மண்டும், அது எங்கும் உள்ளதுதான். களைக்கொல்லி வருவதற்கு முன்பு மே கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை சுமார் நாற்பது நாள் வரிசையாக நின்று கையால் பிடுங்க வேண்டும். மொண்டினே என்ற களையெடுக்கும் பெண்கள் உள்ளூரிலிருந்து மட்டுமல்ல, எமிலியா, லொம்பார்தி, வெனெட்டோ பக்கமிருந்தெல்லாம் ரயிலில் வருவார்கள், பல பத்தாயிரம் பேர். பண்ணையின் களஞ்சியத்தில் வைக்கோல் பரப்பிப் படுக்கை. சாப்பாடு அரிசியும் பீன்ஸும். காலையிலிருந்து முழங்கால் தண்ணீரில் குனிந்த முதுகு. தலையில் அகன்ற ஓலைத் தொப்பி, முகத்தைச் சுற்றித் துணி, கொசுவுக்காக. தண்ணீரில் அட்டை. பின்னால் வரப்பில் கையில் கழியோடு கங்காணி. பேச்சுக் கூடாது, வேலை கெடும். பாடலாம். அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் பாட்டில் வைத்துச் சொன்னார்கள். வீட்டைப் பற்றி, கூலியைப் பற்றி, முதலாளியைப் பற்றி.

அப்போது இந்தச் சமவெளியில் மலேரியா இருந்தது. அதற்காக 1869ல் ஓர் ஒழுங்குவிதி போட்டிருந்தார்கள். சூரியன் உதித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் வயலில் இறங்கலாம், மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏற வேண்டும். விதி காகிதத்தில் இருந்தது, ஒருவரும் மதிக்கவில்லை. மொதெஸ்தோ குன்யோலியோ என்ற வெர்செல்லி வழக்கறிஞர் அந்தக் காகிதத்தைத் தோண்டி எடுத்து, மீறிய முதலாளிகள் மேல் வழக்குப் போட்டார். புதுச் சட்டம் கேட்கவில்லை, இருக்கிற சட்டத்தை நடத்து என்றார்.

நீதிமன்றத்தில் அவர், வயலில் பெண்கள். 1906ல் வெர்செல்லியைச் சுற்றிப் பெண்கள் வயலை விட்டு ஏறி ஊர்வலமாக நகரத்துக்குள் வந்தார்கள். களை முற்றினால் விளைச்சல் போகும் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். நெல் வேலைக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் என்ற ஒப்பந்தம் அந்தக் கோடையில் வந்தது. அடுத்த சில வருடங்களில் 1909க்குள் வட்டாரம் முழுக்கப் பரவியது. இத்தாலியில் எட்டு மணி நேர வேலை நாடு முழுவதற்குமான சட்டமானது 1923ல்தான். இந்தக் களையெடுக்கும் பெண்கள், ஓட்டுரிமைகூட இல்லாதவர்கள், தேசத்துக்கு முன்னால் அதைப் பெற்றுவிட்டார்கள். பெண்களுக்கு இத்தாலியில் ஓட்டு வந்தது 1945, 46ல்.

நண்பரின் பெரியம்மா சொன்ன ஒரு விஷயம் என் மனதில் அப்படியே இருக்கிறது. அவருடைய அம்மா போருக்குப் பிந்தைய வருடங்களில் மாந்துவா பக்கமிருந்து களையெடுக்க வந்தவர். கூலிப் பணத்தோடு, வேலை செய்த நாள் ஒன்றுக்கு ஒரு கிலோ அரிசியும் உண்டு. நாற்பது நாள் முடிந்தால் நாற்பது கிலோ. அந்த மூட்டையை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோவார்களாம். ஒரு வருடம் அவர் காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டார். வீட்டில் மூட்டையைத் தூக்கிப் பார்த்த மாமியார், நான்கு கிலோ எங்கே என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது பெரியம்மாவின் குரலில் கோபம் இருந்தது. எழுபது வருடம் ஆறாத கோபம். களஞ்சியச் சுவரில் அம்மாவின் உயரத்துக்கு ஓர் ஆணி இருக்கிறது, தொப்பி மாட்டுவதற்கு என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கட்டை விரல் தடிமன் துருவேறிய ஆணி. அதைப் போல இருபது இருபத்தைந்து ஆணிகள் வரிசையாக, ஒரு முழம் இடைவெளியில். ஒரு ஆளுக்குக் கிடைத்த படுக்கை அகலமும் அதேதான்.

1950களிலும் 60களிலும் களைக்கொல்லி வந்து அந்த வேலையே போய்விட்டது. அறுவடை இயந்திரம் வந்து மற்ற வேலைகளும் போயின. நூறு பேர் வாழ்ந்த பண்ணைக் கட்டடத்தில் இன்று ஒரு குடும்பம் இருக்கும். சிலவற்றில் அதுவும் இல்லை. முற்றத்தை விலைக்கு வாங்க ஆளில்லாமல் கூரை இறங்கிக் கிடக்கிறது.

லேரிக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. டிரினோவில் 1960களிலேயே போ நதிக் கரையில் என்ரிகோ ஃபெர்மி அணுமின் நிலையம் கட்டினார்கள். 1987ல் அது நின்றது, அதே வருடம் பொதுவாக்கெடுப்பும் அணுமின்சாரத்துக்கு எதிராகப் போனது. இரண்டாவதாக ஒரு நிலையம் லேரிக்குப் பக்கத்தில் கட்டுவதாக இருந்து, அதற்காகக் கிராமத்தையே வாங்கினார்கள். ஜனங்கள் போய்விட்டார்கள். நிலையம் வரவில்லை. காவூர் வாழ்ந்த பண்ணையும் தேவாலயமும் ஆளில்லாமல் நின்றுவிட்டன. பழைய நிலையத்தைப் பிரித்தெடுக்கும் வேலை இன்னும் நடக்கிறது. 2024 தொடக்கத்தில் நாட்டின் அணுக்கழிவுக் கிடங்கை ஏற்கத் தயார் என்று ஊராட்சி முன்வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில வாரத்தில் பின்வாங்கியது. ஊரில் இதைப் பற்றிக் கேட்டால் ஒரே வீட்டில் இரண்டு பதில் வரும்.

   

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சமாவது சொல்ல வேண்டும். பெரியப்பா வீட்டில் பனிஸ்ஸா செய்வார்கள். பக்கத்து சலுஜ்யா ஊர் பீன்ஸை முந்தின நாளே ஊறவைத்து வேகவைப்பார்கள். பன்றிக் கொழுப்பில் புதைத்து வைத்த சலாமியை வெங்காயத்தோடு வதக்கி, அரிசியைப் போட்டுக் கிளறி, சிவப்பு ஒயின் ஊற்றி, பீன்ஸ் வெந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகச் சேர்ப்பார்கள். கஞ்சி வடிப்பது என்ற பேச்சே இல்லை, எல்லாம் உள்ளேயே இழுக்க வேண்டும். அரிசியை உள்ளங்கையில் பரப்பி எனக்குக் காட்டினார். ஒவ்வொரு மணியின் நடுவிலும் சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு புள்ளி. நம் ஊர் மில்லில் இப்படி வெள்ளை விழுந்தால் விலையைக் குறைப்பார்கள். இங்கே அதைத்தான் முத்து என்று தேடுகிறார்கள். குழம்பின் சாரத்தை அந்தப் புள்ளிதான் இழுத்துக்கொள்கிறதாம். உலகம் முழுக்கத் தெரிந்த ஆர்போரியோ ரகம், வெர்செல்லிக்கு வடக்கே இருக்கிற ஆர்போரியோ கிராமத்தில் 1946ல் தேர்ந்தெடுத்தது. கடையில் கர்னரோலி என்று எழுதியிருக்கிற பெட்டியில் அதே குழுவைச் சேர்ந்த வேறு ரகங்கள் இருக்கவும் சட்டம் அனுமதிக்கிறது. உண்மையான கர்னரோலிதான் வேண்டுமென்றால் பெட்டியில் ‘கிளாசிகோ’ என்று இருக்கிறதா பாருங்கள்.

இப்போதைய சண்டை மறுபடி தண்ணீரில் வந்து நிற்கிறது.

2022ல் மழையும் இல்லை, மலையில் பனியும் இல்லை. போ நதியில் மணல்திட்டுகள் எழுந்தன. கிழக்கே பவியா மாகாணத்து லொமெல்லினா பகுதியில் நெல் நின்ற இடத்திலேயே காய்ந்தது. டிரினோ பக்கம் அந்த அளவுக்குப் போகவில்லை. காரணம், இங்கே வருகிற கால்வாய்களில் முக்கியமானவை டோரா பால்தேயாவின் தண்ணீர். அந்த ஆறு மோன்ட் பிளாங்க் சிகரத்துப் பக்கத்துப் பனியாறுகள் உருகி வருவது. வெயில் ஏற ஏற நீர் கூடும். ஆனால் பனியாறு வருடத்துக்கு வருடம் சுருங்குகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். பெரியப்பா இதைச் சொல்லும்போது வடமேற்கே கையை நீட்டினார், வங்கிக் கணக்கைக் காட்டுகிற மாதிரி.

இன்னொரு மாற்றம் அமைதியாக நடந்துகொண்டிருக்கிறது. புழுதி விதைப்பு. தண்ணீர் கட்டாமல் காய்ந்த மண்ணில் வரிசையாக விதைத்து, பயிர் வளர்ந்த பிறகு ஜூனில் தண்ணீர் விடுவது. இரும்புச் சக்கரம் வேண்டாம், ஆள் கூலி குறைவு, வேலை சீக்கிரம் முடியும். தனி விவசாயிக்கு லாபம்தான், தப்புச் சொல்ல முடியாது. லொமெல்லினாவில் பெரும்பாலோர் இதற்கு மாறிவிட்டார்கள். பார்த்தால் தண்ணீர் மிச்சம் மாதிரி தெரியும். ஆனால் ஏப்ரலில் வயலில் நின்ற தண்ணீர் வீணாகவில்லை, அது கீழே இறங்கி நிலத்தடி நீரை ஏற்றியது. அந்த நீர் ஊற்றாகவும் ஓடையாகவும் கீழ்ப்பகுதியில் வெளியே வந்து அங்கே இருக்கிறவர்களின் ஜூன், ஜூலைப் பாசனமானது. இப்போது ஏப்ரலில் யாரும் கேட்காத தண்ணீர் அப்படியே நதியோடு போய்விடுகிறது. ஜூனில் நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் மதகைத் திறக்கச் சொல்கிறார்கள். மேல் வயல்காரர் மிச்சப்படுத்தியது கீழ் வயல்காரருக்கு இல்லாமல் போகிறது. கொக்குக்கும் நாரைக்கும் கூடு கட்டுகிற மாதத்தில் தண்ணீர் இல்லை.

இந்த ஊரின் அனுபவம் இங்கேதான் பயன்பட வேண்டும் என்பது என் எண்ணம். காட்டுக்குச் சீட்டு, தண்ணீருக்குச் சங்கம், வேலைக்கு எட்டு மணி நேரம் என்று ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பேசி எழுதி வைத்த ஊர் இது. ஏப்ரல் வெள்ளத்தையும் அப்படி ஒரு பொதுச் சொத்தாக எழுதி வைக்க வேண்டும். தண்ணீரில் விதைக்கிறவருக்கு அதனால் ஆகும் கூடுதல் செலவைக் கீழே பலன் அடைகிறவர்களும் பகிர வேண்டும். கொஞ்சம் தொடங்கியும் இருக்கிறது. அறுவடைக்குப் பிறகு குளிர்காலத்தில் வயலில் தண்ணீர் நிறுத்துகிறவர்களுக்கு பியட்மாண்ட் பிராந்தியத்தின் வேளாண் திட்டத்தில் உதவித்தொகை உண்டு. பெரியப்பா போன வருடம் விண்ணப்பித்தார். படிவம் நாற்பது பக்கம் என்று திட்டிக்கொண்டே நிரப்பினார்.

அவருடைய மகன், நண்பரின் அண்ணன், புழுதி விதைப்புக்கு மாறிவிடலாம் என்கிறார். சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றி இரண்டு பேரும் குரல் உயர்த்திப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். இரண்டு பேரிடமும் கணக்கு இருக்கிறது. மகன் டீசல் செலவையும் ஆள் கூலியையும் சொல்கிறார். அப்பா, கீழே நிலம் வைத்திருக்கிற ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். இந்த வருடத்துக்குப் பாதி வயலில் தண்ணீர் விதைப்பு, பாதியில் புழுதி விதைப்பு என்று முடிவாகியிருக்கிறது. எந்தப் பாதியில் எது என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை.